தேர்தல் சீர்திருத்தம் பேசுகிற நாம் கோர்ட்டுப் படியும் ஏற வேண்டுமா? பொதுக்குழுவுக்கு முன் ஒரு விவாதம்

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மாநில அளவில் நாங்கள் நடத்தும் சிறிய அமைப்பைப் பற்றி இங்கே பலருக்கும் தெரியும். வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்போம். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தைப் படித்து ஊருக்குப் புரிகிற மாதிரி துண்டறிக்கை போடுவோம். எட்டு வருடமாக இந்த இரண்டு வேலைதான். அடுத்த மாதம் பொதுக்குழு. நீதிமன்றச் சீர்திருத்தத்தையும் நம் வேலையாக எடுக்க வேண்டும் என்று நான் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். அது வக்கீல்கள் சங்கதி, நமக்கு எதற்கு என்கிறார்கள்.

நான் ராதாபுரம் தொகுதி வாக்காளன். ஏன் கேட்கிறேன் என்பதற்கு என் தொகுதிக் கதையே போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தி.மு.க.வின் அப்பாவு ஐகோர்ட்டுக்குப் போனார். 203 தபால் வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள், சான்றொப்பம் இட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கெசட் அதிகாரி இல்லை என்று சொன்னதுதான் காரணம் என்பது வழக்கு. 49-க்கு முன்னால் 203 எவ்வளவு பெரிய எண் என்று யோசித்துப் பாருங்கள்.

2019 அக்டோபர் 1-ல் தீர்ப்பு வந்தது. தபால் வாக்குகளையும் 19, 20, 21-வது சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது ஐகோர்ட். 4-ம் தேதி ஐகோர்ட் வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணிய எண் உறைக்குள் போனது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. அதுவரைக்கும் உறை திறக்கவில்லை.

யார் ஜெயித்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான், கட்சிக்காக இதை எழுதவில்லை. ஐந்து வருடம் என் தொகுதிக்குச் சட்டமன்றத்தில் யார் உட்கார உரிமை உள்ளவர் என்ற கேள்விக்கு அந்த ஐந்து வருடத்துக்குள் பதில் வரவில்லை. வாக்குச்சாவடியில் நாம் படுகிற பாடெல்லாம் அந்தப் பதிலுக்காகத்தானே?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எதிர்ப்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள்.

---

கொங்கு_வாக்காளர்

எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன், அண்ணே. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஆள்பலம் எவ்வளவு நமக்கு? மாவட்டத்துக்குப் பத்துப் பேர் தேறுவார்களா? 2025 நவம்பர் 4-ல் ஆரம்பித்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வந்த வரைவுப் பட்டியலில் மட்டும் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் போய்விட்டன. அதில் செத்தவர்கள் இருக்கலாம், இரட்டைப் பதிவு இருக்கலாம், ஊர் மாறியவர்கள் இருக்கலாம். உயிரோடு அதே வீட்டில் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு நானே படிவம் 6 எழுதிக் கொடுத்தேன். நாற்பது வருடமாக ஓட்டுப் போட்டவர், "புது வாக்காளரா நான்?" என்று கேட்டார். அந்தப் படிவத்தின் தலைப்பு அப்படித்தான்.

இந்த வேலையை விட்டுவிட்டு ஐகோர்ட்டுச் சீர்திருத்தம் பேசப் போனால் இரண்டும் கெடும். ஒன்றை ஒழுங்காகச் செய்வோம்.

---

கோர்ட்டு_குமாஸ்தா

முப்பது வருடத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். தேர்தல் வழக்குக் கட்டுகளைக் கையில் தூக்கியவன் என்பதால் அது எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் போடலாம். செலவுக்கு ஈடாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும். எத்தனை எதிர்மனுதாரரோ அத்தனை நகல், ஒவ்வொரு நகலிலும் உண்மை நகல் என்று மனுதாரரே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். யாரைச் சேர்க்க வேண்டுமோ அவரைச் சேர்க்காமல் விட்டாலோ, பணம் கட்டாமல் விட்டாலோ, சாட்சி எதுவும் கேட்காமலே மனு தள்ளுபடி. 1951-ம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது.

மனுதாரரிடம் இவ்வளவு கறார் காட்டுகிற அதே சட்டம், விசாரணை என்று வரும்போது இளகிப் போகிறது. பிரிவு 86-ல் ஆறு மாதக் கெடு இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்குள் முடிக்க 'முயற்சி செய்ய வேண்டும்' என்றுதான் வாசகம். முடிக்காவிட்டால் என்ன என்று ஒரு வரி கிடையாது. நாள்தோறும் விசாரிக்க வேண்டும் என்றும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நடக்கிறதா?

நடப்பது இது. முதலில் சம்மன். ஜெயித்தவர் வீட்டுக்குப் போனால் "சென்னையில் இருக்கிறார்" என்பார்கள், சென்னைக்குப் போனால் "தொகுதியில் இருக்கிறார்" என்பார்கள். கடைசியில் பத்திரிகை விளம்பரம். பிறகு மனுவை ஆரம்பத்திலேயே நிராகரிக்கச் சொல்லி எதிர்த்தரப்பு ஒரு மனுப் போடும். அது தோற்றால் உச்ச நீதிமன்றம் வரை போகும். அது முடிந்துதான் பதில் மனு, எழுவினா (எந்தெந்தக் கேள்விகளை விசாரிப்பது என்று கோர்ட் குறிப்பது), சாட்சி. தேர்தல் நடத்திய அதிகாரி அதற்குள் இரண்டு துறை மாறியிருப்பார். அவருக்குத் தனியாகச் சம்மன். சாட்சியத்தை ஐகோர்ட் நீதிபதியே பதிவு செய்ய வேண்டும், அதே நீதிபதி முன் அன்றைக்கு நூறு வழக்கு வேறு இருக்கும். எந்த நீதிபதிக்கு எந்த வகை வழக்கு என்ற துறைப்பட்டியல் மாறினால் கட்டு வேறு அறைக்குப் போகும். புது நீதிபதி முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. சென்னை ஐகோர்ட்டுக்கு அனுமதித்த இடம் 75, அதுவும் நிரம்பியிருக்கும் காலம் குறைவு.

தீர்ப்பு வந்தாலும் நேராக உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு, கூடவே தடையாணை. தேனியைப் பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தல். ஒரு வாக்காளர் போட்ட வழக்கில் ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது என்று 2023 ஜூலை 6-ல் ஐகோர்ட் சொன்னது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. பதவிக்காலம் முழுவதும் அவரே உறுப்பினராக இருந்தார். தீர்ப்பு சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. நாலு வருடம் கழித்து வந்ததால் அது சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, தவறாக இருந்தும் நஷ்டம் இல்லை.

---

மேலூர்க்காரி

குமாஸ்தா ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் எங்கள் ஊர் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அம்மா நின்றார். பெரிய பின்பலம் ஒன்றும் இல்லை. சுயஉதவிக் குழுவில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதியவர், அந்தப் பெயர்தான். 2020 ஜனவரி 2-ல் எண்ணிக்கை. ஊராட்சித் தேர்தலில் மெஷின் இல்லை, சீட்டுதான். நாலு பதவிக்கும் நாலு நிறம், தலைவருக்கு இளஞ்சிவப்பு. நான்தான் அம்மாவுக்கு முகவராக உட்கார்ந்தேன். சீட்டுகளை முதலில் நிறம் நிறமாகப் பிரித்தார்கள். பிறகு சின்னம் சின்னமாகப் பிரித்து ஐம்பது ஐம்பதாக ரப்பர் பேண்ட் போட்டார்கள். சந்தேகமான சீட்டு என்று ஒரு தட்டு தனியாக. இரண்டு சின்னத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டில் முத்திரை விழுந்த சீட்டெல்லாம் அந்தத் தட்டுக்குப் போனது. அம்மா சின்னத்தின் மேல் முக்கால்வாசி விழுந்து கோட்டை லேசாகத் தொட்டிருந்த சீட்டுகளும் அதில் இருந்தன. அதே மாதிரித் தொட்டிருந்த சில சீட்டுகள் எதிர்த்தரப்புக் கட்டில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு, 11 வாக்கில் தோல்வி என்றார்கள்.

ஊராட்சித் தேர்தல் வழக்கு ஐகோர்ட்டுக்கு இல்லை, மாவட்ட நீதிமன்றத்துக்கு. பிப்ரவரியில் போட்டோம். மார்ச்சில் கொரோனா. அதை யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பிறகு நீதிபதி மாறினார், பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார், பிறகு சீட்டுப் பெட்டி எந்த அலுவலகப் பாதுகாப்பில் இருக்கிறது என்பதற்கே ஏழெட்டு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மா காலை ஆறரை பஸ் பிடித்துப் போவார். பேர் கூப்பிடுவார்கள், தேதி சொல்வார்கள், வருவார்.

2025 ஜனவரி 5-ல் பதவிக்காலமே முடிந்துவிட்டது. "இனி இதை நடத்தி என்னம்மா ஆகப் போகுது" என்று வக்கீல் சொன்ன அன்றைக்கு அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தச் சீட்டை யாராச்சும் ஒரு தடவை பார்த்தாங்களா?" பார்க்கவில்லை.

---

பொருநைக்கரை

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. அம்மாவுக்கு என் வணக்கம்.

நான் சட்டமன்றத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊராட்சி வழக்குகளைப் பற்றி யோசித்ததே இல்லை. மாநிலத்தில் 12,000-க்கும் மேல் கிராம ஊராட்சிகள். வழக்கு நடத்தும் வசதி இல்லாதவர்கள்தான் அங்கே அதிகம்.

---

ஹைதராபாத்_தமிழன்

நீங்கள் விவாதிக்கும் அதே கேள்வியைத் தெலுங்கு நாட்டில் ஓர் அமைப்பு முப்பது வருடத்துக்கு முன்பே எதிர்கொண்டது. லோக் சத்தா. 1996-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கியது. அதே பெயர் கொண்ட பீகார் தலைவர் ஜே.பி. வேறு, இவர் வேறு. மருத்துவம் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார்.

கவனிக்க வேண்டியது, அவர்கள் முதலிலிருந்தே தேர்தல், உள்ளாட்சி, நீதிமன்றம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்தார்கள். பட்டியலை மக்கள் பார்க்கவும் திருத்தவும் தபால் நிலையத்தையே இடமாக வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். கொங்குக்காரர் எழுதிய பாட்டிக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! கிரிமினல் வழக்கு உள்ள வேட்பாளர்களின் பட்டியலைத் தேர்தல் நேரத்தில் வெளியிட்டார்கள். அதே சமயம் சின்ன வழக்குகளை ஊருக்கு அருகிலேயே, ஊர்மொழியில், சீக்கிரமாக முடிக்க உள்ளூர் நீதிமன்றம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவர்கள் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் பிரமாணப் பத்திரமே இருந்திருக்காது. 1999-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட வழக்கில்தான், வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களை வாங்க வேண்டும் என்று 2002 மே 2-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அதை முடக்கச் சட்டத்தையே மாற்றின. அந்தத் திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன மூன்று மனுக்களில் ஒன்று மக்கள் சிவில் உரிமைக் கழகமான பி.யு.சி.எல்., ஒன்று அதே சங்கம், இன்னொன்று லோக் சத்தா. 2003 மார்ச் 13-ல் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு. ஒரு மாநிலத்தில் தொடங்கிய அமைப்பு நாடு முழுவதற்கும் வாங்கிக் கொடுத்த உரிமை அது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2006 அக்டோபர் 2-ல் லோக் சத்தா கட்சி ஆனது. 2009-ல் நான் குக்கட்பள்ளியில்தான் வாடகைக்கு இருந்தேன். அந்த ஒரு தொகுதியில் ஜே.பி. ஜெயித்தார், மாநிலத்தில் வேறெங்கும் ஒரு இடம்கூட வரவில்லை. 2016-ல் தேர்தலில் நிற்பதையே நிறுத்தினார்கள். கட்சி ஆனதும், அதற்கு முன் கதவைத் திறந்து பேசிய எம்.எல்.ஏ.க்கள் இவர்களைப் போட்டியாளராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நல்லவர்கள் அரசியலுக்கு வரக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பட்டியல் சரிபார்த்த தன்னார்வலர்கள் சுவரொட்டி ஒட்டப் போனபோது பட்டியலைச் சரிபார்க்க ஆள் இல்லாமல் போனது. உங்கள் பொதுக்குழுவில் யாராவது கட்சி என்ற பேச்சை எடுத்தால் இதை நினைவில் வையுங்கள்.

---

சட்டக்கல்லூரி_தம்பி

லோக் சத்தா கேட்ட உள்ளூர் நீதிமன்றத்துக்குச் சட்டமே இருக்கிறது, அண்ணே. கிராம நியாயாலயச் சட்டம் 2008, நடைமுறைக்கு வந்தது 2009 அக்டோபர் 2. அமைப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டார்கள். அதனால் கேரளத்திலும் ராஜஸ்தானிலும் இருக்கிறது, நம்மிடம் இல்லை. தாலுகா தோறும் நீதிமன்றம் இருக்கிறதே என்பது நம் அரசுகள் சொல்லும் பதில்.

இன்னொன்று மொழி. கீழ் நீதிமன்றங்களில் தமிழ் இருக்கிறது. ஐகோர்ட்டில் இல்லை. அரசியலமைப்பின் 348-வது பிரிவைப் பயன்படுத்தி உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் நான்கிலும் இந்திக்கு அனுமதி இருக்கிறது. தமிழுக்காக 2006 டிசம்பரில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஏற்கவில்லை. தேர்தல் மனுவில் மனுதாரரே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சாதாரண வாக்காளர் தனக்குப் புரியாத மொழியில் நூறு பக்கத்துக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறார். குறுக்கு விசாரணையில் "இந்தப் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்களே" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

---

கொங்கு_வாக்காளர்

தம்பி சொல்வது சரிதான். ஆனால் எல்லோரும் கோர்ட்டைத் தீர்வாகவே பேசுகிறீர்கள். அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இடஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யவில்லை என்று வழக்கு, 2016 அக்டோபர் 4-ல் தேர்தல் அறிவிப்பையே ஐகோர்ட் ரத்து செய்தது. குறை நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தேர்தல் எப்போது நடந்தது? ஊரகத்துக்கு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. ஐந்து வருடத்துக்கு மேல் எங்கள் நகராட்சியில் கவுன்சிலர் என்று யாரும் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்று தனி அலுவலரைப் பார்க்கப் போனால் வாசலில் டவாலி நிறுத்துவார்.

அரசு வேண்டுமென்றே இழுத்தது, கோர்ட் அதற்கு இடம் கொடுத்தது. ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

பணத்தையும் யாரும் பேசவில்லை. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர். 2019-ல் வேலூர். பணம் பிடிபட்டு நின்ற தேர்தல்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி நடந்தன. இதற்கு எந்தச் சீர்திருத்தம் மருந்து?

---

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

ராதாபுரம் தபால் வாக்கு பற்றி எழுதியிருந்ததால் சொல்கிறேன். நான் வேறு மாவட்டம். 1989 முதல் பணி ஓய்வு வரை எல்லாத் தேர்தலிலும் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன்.

தேர்தல் பணிக்குப் போகிறவனுக்குத் தன் ஓட்டைப் போடுவதுதான் இருப்பதிலேயே சிரமம். நான் வேலை பார்த்த காலத்தில் பயிற்சி வகுப்பில் கவர் கொடுப்பார்கள். 13-ஏ உறுதிமொழி, 13-பி சின்ன உறை, 13-சி பெரிய உறை. சின்ன உறையில் வாக்குச்சீட்டு, அதையும் உறுதிமொழியையும் சேர்த்துப் பெரிய உறையில். வரிசை எண் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். உறுதிமொழியில் சான்றொப்பம் வேண்டும். அறுநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் கெசட் அதிகாரி எங்கே என்று தேடிக்கொண்டிருப்போமா? பக்கத்து நாற்காலியில் ஒரு தலைமையாசிரியர் இருந்தால் அவரிடம் நீட்டுவோம். நானே எத்தனையோ பேருக்கு அப்படிப் போட்டிருக்கிறேன். போடும்போது, என் கையெழுத்தால் இவருடைய ஓட்டு செல்லாமல் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

ஊருக்கெல்லாம் ஓட்டுப் போட ஏற்பாடு செய்கிறவனின் ஓட்டு குப்பையில் விழுவதை உங்கள் அமைப்பு கையில் எடுத்தால் நான் வருகிறேன். எனக்கு 71 வயது. எழுத்து வேலை செய்ய முடியும்.

---

மேலூர்க்காரி

கொங்கு அண்ணனுக்கு. பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாங்குகிறவர்களைப் பேசுகிறார்கள். எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வந்தார்கள். கையில் பட்டியல். வீட்டில் எத்தனை ஓட்டு என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேண்டாம் என்றால் "அப்போ அந்தப் பக்கமா?" என்று பேர் எழுதிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு நூறு நாள் வேலைக்கு அடையாள அட்டை கேட்டுப் போகிறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பயத்தில் வாங்குகிறவர்களும் உண்டு.

கொடுத்தவர் மேல் போட்ட வழக்கு என்ன ஆனது? அதைத்தான் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

---

சட்டக்கல்லூரி_தம்பி

அக்கா கேட்டதற்குச் சட்டப்படி பதில்: ஓட்டுக்கு லஞ்சம் கொடுப்பதற்கு அதிகபட்சத் தண்டனை 1 வருடம். பழைய தண்டனைச் சட்டத்தில் 171-இ, புதியதில் 173. போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத வகைக் குற்றம் அது. தேர்தல் முடிந்த மறுநாள் பறக்கும் படை கலைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வழக்குக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது.

---

பொருநைக்கரை

எல்லாவற்றையும் படித்தேன். கொங்குத் தம்பி, உள்ளாட்சித் தேர்தல் தாமதத்தில் கோர்ட்டின் பங்கைச் சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அது என் தீர்மானத்துக்கு இன்னொரு காரணமாகவே படுகிறது. அறிவிப்பை ரத்து செய்த கோர்ட், புதிய தேர்தல் நடந்து முடியும்வரை மாதம் ஒருமுறை அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கியிருந்தால் மூன்று வருடம் ஓடியிருக்குமா? அதைக் கேட்கத் தேர்தல் தெரிந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தீர்மானத்தைச் சுருக்கிவிடுகிறேன். நான் முதலில் எழுதியதில் நீதிபதி நியமனம், நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம், அதற்குப் பதிலாக வந்த தேசிய நீதிபதிகள் நியமன ஆணையம் எல்லாம் இருந்தன. அவை பெரிய விஷயங்கள், நம் கைக்கு எட்டாதவை. 2015-ல் அந்த ஆணையத்தையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அதைப் பற்றி நாம் மதுரையில் உட்கார்ந்து தீர்மானம் போட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை. எடுத்துவிட்டேன்.

இரண்டே கோரிக்கை. ஒன்று, சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் மனுக்களுக்கென்று ஐகோர்ட்டில் நீதிபதியை ஒதுக்கி, முடியும்வரை துறை மாற்றாமல் வைக்க வேண்டும். யாருக்கு எந்த வழக்கு என்பது தலைமை நீதிபதியின் கையில் இருக்கிறது, இதற்கு நாடாளுமன்றம் வேண்டியதில்லை. இரண்டாவது, ஊராட்சித் தேர்தல் வழக்குக்குக் கண்டிப்பான கெடு. 1994-ம் வருடத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நம் சட்டமன்றம் போட்ட சட்டம், திருத்தவும் அதற்கே அதிகாரம் உண்டு. 'முயற்சி' என்ற சொல் அதில் இருக்கக் கூடாது. ஆறு மாதத்தில் முடியவில்லை என்றால் ஏன் என்று மாவட்ட நீதிமன்றம் ஐகோர்ட்டுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். மேலூர்க்காரி அக்காவின் அம்மா கேட்ட கேள்வியிலிருந்து ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: சீட்டைத்தான் பார்க்க வேண்டும் என்கிற வழக்கில் முதல் 60 நாளுக்குள் பெட்டியைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும்.

டெல்லிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. ஒரு கோரிக்கை கோட்டைக்கு, ஒன்று ஐகோர்ட்டுக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம்.

---

கோர்ட்டு_குமாஸ்தா

நல்ல வடிவம். ஒரு திருத்தம் மட்டும். கோரிக்கையோடு போகும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். "தாமதம் ஆகிறது" என்று சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் 2020 தொடக்கத்தில் எத்தனை ஊராட்சித் தேர்தல் மனு தாக்கலானது, எத்தனை பைசலானது, எத்தனை பதவிக்காலம் முடிந்ததால் காலாவதியானது என்று வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு வகையையும் வருடத்தையும் போட்டுத் தேடினால் வாய்தாத் தேதிகள் வரிசையாக வரும். வராததை நகல் மனுப் போட்டு வாங்கலாம். சலிப்பான வேலைதான். வாக்காளர் பட்டியலை வரி வரியாகப் படித்த பழக்கம் உள்ளவர்களால்தான் இது முடியும், வக்கீல்கள் செய்ய மாட்டார்கள்.

எப்படித் தேடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லித் தருகிறேன்.

---

கொங்கு_வாக்காளர்

குமாஸ்தா ஐயா, இப்படிச் சொன்னால் எனக்குப் புரிகிறது. இது பட்டியல் சரிபார்க்கிற வேலைதான், பட்டியல் மட்டும் வேறு.

பொதுக்குழுவில் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. படிவம் 6 எழுதும் வேலை பட்டியல் இறுதியாகும்வரை ஒரு நாளும் நிற்கக் கூடாது. அதற்காக இருக்கும் ஆட்களைக் கோர்ட்டு வேலைக்கு இழுக்கக் கூடாது. ஆசிரியர் ஐயா மாதிரிப் புதிதாக வருகிறவர்களை அதில் போடுங்கள். ஈரோடு, திருப்பூர் இரண்டையும் நான் தேடித் தருகிறேன்.

---

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

என் மாவட்டத்தை என்னிடம் விடுங்கள். தபால் வாக்குச் சான்றொப்பம் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். அடுத்த தேர்தல் பயிற்சி வகுப்புக்கு முன்னால் அது ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

---

மேலூர்க்காரி

முதல் வரியை நான் எழுதிவிடுகிறேன்.

மதுரை மாவட்டம். தலைவர் பதவி. தாக்கல் 2020 பிப்ரவரி. வாக்கு வித்தியாசம் 11. வாய்தா 63. இது இணையத்தில் பார்த்ததில்லை, அம்மா தன் குழுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி தேதியாக, பஸ் செலவோடு எழுதி வைத்திருக்கிறார். சீட்டுப் பெட்டி திறந்தது: இல்லை.

நோட்டைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். "எதுக்குப் படம், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வரேன்" என்றார்.